நிலாவெளிக் கடற்கரைப் பார்ட்டிகள்: ஒருவன் மயங்கி விழுந்தால் முதல் அழைப்பு யாருக்கு?

கடலோரக்காரன்

திருகோணமலை உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். சீசன் தொடங்கிவிட்டது. அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரைக்கும் சனிக்கிழமை என்றால் எங்கேயாவது ஒரு இடத்தில் டீஜே போட்டிருப்பார்கள். கொழும்பிலிருந்து வருகிற பொடியன்கள், வெளிநாட்டுக்காரர், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கலந்துதான் நிற்கிறார்கள். சாராயமும் பியரும் மட்டும்தான் ஓடுகிறது என்று இனி யாரும் சொல்ல ஏலாது. கஞ்சா எப்போதும் இருந்தது. இப்போது ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் இருக்கிறது. எக்ஸ்டசி என்று சொல்லி விற்கிற குளிசை இருக்கிறது. நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரிகாபலின் கப்சூலைச் சாராயத்தோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து இடங்கள் சில சேர்ந்து அடுத்த மாதம் ஒரு இசை இரவு செய்ய யோசிக்கிறோம். மேடையிலிருந்து தள்ளி ஒரு கூடாரம் போடலாம் என்பது என் எண்ணம். பாய், மின்விசிறி, தண்ணீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்), முதலுதவி பழகிய இரண்டு பேர். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் அங்கே கொண்டுவரட்டும். என்ன எடுத்தாய் என்று கேட்போம். அந்தப் பதில் வைத்தியருக்குப் போகும், பொலிஸுக்குப் போகாது.

கூட்டாளிகளில் பாதிப் பேருக்கு இதில் விருப்பமில்லை. கூடாரம் போட்டால் நாங்களே போதைக்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். ஊர் ஆட்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய வேண்டும்.

மூன்றாங்குறுக்கு

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று விளங்குகிறது. ஆனால் எதைச் சாதாரணமாக்கப் போகிறீர்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள். கோணேசர் குடியிருக்கிற ஊர் இது. ஒரு பக்கம் குளிசை, மற்றப் பக்கம் கூடாரம் என்றால் உயர்தரம் படிக்கிற பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது, பயப்படத் தேவையில்லை என்றுதான்.

சிங்கப்பூரில் யாரும் கூடாரம் போடவில்லை. சட்டத்துக்குப் பயம் இருக்கிறது, ஊர் ஒழுங்காக இருக்கிறது. போதை ஓடும் என்று தெரிந்தும் இசை இரவு எதற்கு? அதை விட்டுவிடுவதுதான் சரியான வழி.

இரவுப்பணி

சேர், மரியாதையோடுதான் எழுதுகிறேன். நான் தாதி. அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி செய்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன்.

போன சீசனில் ஒரு பொடியனை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் வாசலில் இருக்கிற பொலிஸ் காவலரணைக் கண்டதும் அவனை வாங்கில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் சொல்ல ஆளில்லை. என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு எடுத்தான் என்று சொல்லவும் ஆளில்லை. சட்டை முழுக்க ஈரம், தலைமயிருக்குள் மணல். எழுப்புவதற்காகக் கடலில் முக்கியிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் தேசிக்காய் மணம். நினைவில்லாத பிள்ளைக்குத் தேசிக்காய்த் தண்ணீர் பருக்கியிருக்கிறார்கள். அதில் பாதி நுரையீரலுக்குள் போயிருந்தது. அவன் கடைசியில் பிழைத்தான். ஆனால் பிறகு நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு அவன் எடுத்த பொருளால் வந்ததல்ல, தேசிக்காய்த் தண்ணீராலும் பிந்தி வந்ததாலும் வந்தது.

ஆகவே இங்கே வாசிக்கிற பொடியன்களுக்கு நேராகவே சொல்கிறேன்.

சாராயம், ஹெரோயின், பிரிகாபலின், தூக்க மாத்திரை எல்லாம் மூச்சைக் குறைக்கிற சாதி. ஒன்று மற்றதோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அப்படிப்பட்டவன் குறட்டை விடுகிற மாதிரிச் சத்தம் போடுவான். நித்திரை என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டுப் போகாதீர்கள். தோளைப் பிடித்து உலுக்குங்கள், பெயர் சொல்லிக் கத்துங்கள். கண் திறக்கவில்லை என்றால், மூச்சு இடைவெளி விட்டு வருகிறதென்றால், உதட்டின் உட்பக்கமும் நகமும் நீலம் பாரிக்கிறதென்றால் உடனே அம்புலன்ஸ் இலக்கம் 1990-க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் வெளியே போகட்டும். மூச்சு நின்றுவிட்டால் அழைப்பைத் துண்டிக்காமல் அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். கோப்பி வேண்டாம், மோர் வேண்டாம், தேசிக்காய் வேண்டவே வேண்டாம்.

ஐஸும் எக்ஸ்டசியும் வேறு சாதி. அவை உடம்பைக் கொதிக்க வைக்கும். எங்கள் ஊரில் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இரவிலும் அனல்தான். அந்த வெக்கையில் மணிக்கணக்காக ஆடுகிறவனுக்கு உடல் வெப்பம் ஏறினால் வலிப்பு வரலாம், சிறுநீரகம் அடிபடலாம், இதயம் தாங்காமல் போகலாம். தோல் நெருப்பாகச் சுடுகிறது, தாடை இறுகிக் கிடக்கிறது, பேச்சுத் தடுமாறுகிறது, ஆளை அடக்க ஏலாமல் இருக்கிறது என்றால் அதுவும் 1990தான். சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு, விசிறுங்கள். பரசிற்றமோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கக் கொடுக்கலாம், நினைவு இருந்தால் மட்டும். லீற்றர் கணக்கில் குடிக்க வைப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புக் குறைந்து மூளை வீங்கிச் செத்தவர்கள் உண்டு. ஜீவனி வைத்திருப்பது அதற்குத்தான் நல்லது.

கடலோரக்காரன் அண்ணா, கூடாரம் போடுங்கள். யார் என்ன சொன்னாலும் போடுங்கள்.

மூன்றாங்குறுக்கு

> அதில் பாதி நுரையீரலுக்குள் போயிருந்தது

பிள்ளை, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. முதலுதவி தெரிந்திருப்பது எல்லாருக்கும் நல்லது. ஆனால் அந்தப் பொடியன் அதைத் தொடாமலே இருந்திருந்தால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டானே. அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லையே என்பதுதான் என் கவலை.

வழக்குக்கட்டு

சட்டத்தரணியாக இருப்பதால் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் அடிப்படைச் சட்டம் 1929-ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984-இல் அதைத் திருத்தி, 2 கிராம் ஹெரோயினுக்கு மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று ஆக்கினார்கள். 2022-இல் ஐஸையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 5 கிராம் முதல் அதே தண்டனை. 1976-க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை. 2019-இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்கில் நான்கு பேருக்குத் தூக்கு உத்தரவில் கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். சிறைகளில் கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஐஸ் நிலாவெளிக்கு வருகிறது.

சேர் சிங்கப்பூரைச் சொன்னார். அங்கே தூக்கிலும் போடுகிறார்கள். அப்படியிருந்தும் பாவனையாளர்கள் என்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் பிடிபடுகிறார்கள். சிறிய தீவு, பணக்கார அரசு, எல்லையைக் காக்கிற வசதி எல்லாம் இருந்தும் அப்படி.

இனித் தாதித் தங்கச்சி சொன்ன கதைக்கு வருகிறேன். கூட்டாளியைக் காப்பாற்ற அழைப்பு எடுத்தவனை அந்த அழைப்பால் வெளிவந்த சிறு அளவுக்காகப் பிடிக்கக்கூடாது என்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் உண்டு. கனடாவில் 2017-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கு என்று நான் கேட்கவில்லை. அது பெரிய விவாதம், இன்னும் எத்தனையோ வருடம் நடக்கும். 1990-க்கு அழைத்தவனையும் அழைப்பில் காப்பாற்றப்பட்டவனையும் அன்று இரவு பிடிக்காதே என்ற ஒரே ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். விற்றவனுக்கு இதில் ஒரு சலுகையும் இல்லை.

கிண்ணியா வாசி

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மார்க்கத்தில் போதை ஹராம், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றுவது அதைவிட முந்திய கடமை. ஆகவே கூடாரத்தை நான் எதிர்க்க மாட்டேன்.

எனக்குக் கேள்வி வேறு. இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? பலநாள் படகில் மூட்டை மூட்டையாக ஹெரோயினும் ஐஸும் பிடித்தோம் என்று கடற்படை அடிக்கடி அறிவிக்கிறது. கிழக்குக் கடற்படைத் தலைமையகம் எங்கள் துறைமுகத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில் கிராம் கணக்கில் பொட்டலம் கட்டி ஒழுங்கைக்குள் விற்கிறார்கள். பிடிபடுகிறவன் கூலிக்குப் போகிற பொடியன். அவனுடைய வாப்பா வழக்குச் செலவுக்குத் தோணி இயந்திரத்தை விற்கிறார். சரக்கு இறக்கினவனைப் பற்றி ஒரு செய்தியும் வருவதில்லை. மேலே கேள்வி கேட்காமல் கூடாரம் மட்டும் போட்டால், அடுத்த வருடம் இரண்டு கூடாரம் தேவைப்படும்.

பார்ட்டிக்குப் போறவன்

நான் போகிறவன். வயது 24. பெரியவர்கள் கதைக்கிற இடத்தில் எழுதவே யோசனையாக இருந்தது, இருந்தாலும் ஏன் கூப்பிடுவதில்லை என்பதை உள்ளே இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

ஒருவன் விழுந்தவுடன் முதலில் நடப்பது வாக்குவாதம். கூப்பிடலாம் என்று ஒருவன் சொல்வான். மற்றவனுக்குக் கட்டார் போக விசா வரப்போகிறது, பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்க வேண்டும், ஒரு வழக்கு விழுந்தால் முகவருக்குக் கட்டின காசும் போய்விடும். இன்னொருவனின் அப்பா அரச உத்தியோகம். ஒரு பெட்டை நிற்பாள், வீட்டுக்குத் தெரியாமல் வந்திருப்பாள். ‘முகநூல் விருந்தில் இத்தனை யுவதிகள் கைது’ என்று பத்திரிகையில் போடுவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தச் செய்தி ஒரு பெட்டையின் வாழ்க்கையை என்ன செய்யும் என்று ஊருக்குத் தெரியும். இந்த வாக்குவாதம் முடிவதற்குள் அரை மணி போய்விடும். கடைசியில் ஒருவன் கடலில் முக்கு என்பான்.

1990-க்கு அழைத்தால் பொலிஸும் சேர்ந்து வருமா என்று இன்றைக்கும் எங்களில் ஒருவனுக்கும் நிச்சயமில்லை. அது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஆசிரியர் ஐயா, பயம் எங்களிடம் நிறையவே இருக்கிறது. அந்தப் பயத்தால் யாரும் வீட்டில் இருக்கவில்லை. வெளிச்சமில்லாத பக்கமாகப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இரவுப்பணி

தம்பி, நல்ல கேள்வி. 1990 சுவசெரிய சேவை. இலவசம், வருகிறவர்கள் அவசர மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் வேலை நோயாளியை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. சோதனை போடுவதோ கைது செய்வதோ அவர்கள் வேலை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நஞ்சு சம்பந்தப்பட்ட கேஸ் பொலிஸ் காவலரணுக்குத் தெரியவரலாம். அதை உனக்கு மறைக்க மாட்டேன். சட்டத்தரணி அண்ணா கேட்கிற சட்டப் பிரிவு அதனால்தான் தேவை.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். நிற்கப் பயமென்றால் போங்கள். போகுமுன் அவன் என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு, குடித்தானா என்று ஒரு துண்டில் எழுதி அவன் பொக்கெற்றில் வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் பெயர் தேவையில்லை. ஹெரோயின் என்று தெரிந்தால் எங்களிடம் நலொக்சோன் இருக்கிறது, சில நிமிடத்தில் மூச்சுத் திரும்பும். ஐஸுக்கு அந்த மருந்து வேலை செய்யாது, சிகிச்சையே வேறு. தெரியாமல் இருட்டில் தடவிக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் உயிர் போகிறது.

பாலையூற்று அம்மா

பிள்ளைகளே, எனக்குப் பெரிதாக எழுதத் தெரியாது. என் மகனுக்கு ஐஸ் பழக்கம் வந்தது. முதலில் நித்திரையில்லை, பிறகு சாப்பாடில்லை, பிறகு சுவருக்குள் ஆள் நிற்கிறது என்று கத்தி எடுத்தான். நானே பொலிஸுக்குப் போகலாமா என்று யோசித்த நேரத்தில் அவர்களே ஒரு பொட்டலத்தோடு பிடித்தார்கள். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை விளக்கமறியல். தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நின்றேன். பிறகு ஒரு புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே காலையில் எழுப்பி வேலை, அணிவகுப்பு, திட்டு. வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று பிள்ளை சொன்னான். முன்பு அவனுக்கு ஒரு வியாபாரியைத் தெரியும், திரும்பி வரும்போது பல மாவட்டத்து வியாபாரிகளைத் தெரிந்திருந்தது.

அவனை மீட்டது ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக். ஒரு டொக்டர் என் முன்னால் அவனைக் குற்றவாளி மாதிரி நடத்தவில்லை. கிழமைக்கு ஒருக்கால் போனோம். விழுந்தான், எழும்பினான், திரும்ப விழுந்தான். கிளினிக்குக்குத் திரும்பிப் போகும்போது யாரும் கதவைச் சாத்தவில்லை. இப்போது பேக்கரியில் விடிய வேலைக்குப் போகிறான்.

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொல்கிற ஒழுக்கத்தை நானும் பிள்ளைக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். கோயிலுக்கும் கூட்டிப்போனேன். அது போதவில்லை. கடற்கரையில் என் பிள்ளை கிடந்தால் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அவனுக்கு அதை விற்றவன் உள்ளே போக வேண்டும். இரண்டையும்தான் கேட்கிறேன்.

மூன்றாங்குறுக்கு

தாயே, உங்கள் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு எதிராக எழுத எனக்கு வாய் வராது.

வழக்குக்கட்டு

அம்மா எழுதியதற்குப் பிறகு ஒரு விடயத்தைச் சேர்க்க வேண்டும். 2007-இன் 54-ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். அனுப்பப்படுகிற இடங்களில் ஒன்றான கந்தக்காட்டில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து, கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளுக்குப் பொறுப்பாக இருந்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் அதையும் நடத்தியது. நோயாளிக்குத் தேவை வைத்தியரும் ஆலோசகரும். சீருடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வைத்தியம் நடக்கிறது என்று சொல்ல ஏலாது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடச் சொல்லி 2012-இலேயே ஐ.நா. அமைப்புகள் 12 சேர்ந்து அறிக்கை விட்டன.

யாராவது விரும்பிச் சிகிச்சைக்குப் போக நினைத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது. மனநல உதவிக்கு 1926.

டென்ஹாக் தமிழன்

பிறந்தது சாம்பல்தீவு, இப்போது நெதர்லாந்து. இங்கே நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமோ தெரியவில்லை.

இங்கே 1992 முதல் குளிசையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பரிசோதிக்கிற நிலையங்கள் உண்டு. அரசின் பணம். யார் என்று கேட்க மாட்டார்கள். முடிவோடு ஆலோசனையும் சொல்வார்கள், எடுக்காதே என்றும் சொல்வார்கள். 2014 டிசம்பரில் சுப்பர்மான் சின்னம் போட்ட இளஞ்சிவப்புக் குளிசை ஒன்று பரிசோதனைக்கு வந்தது. எக்ஸ்டசி என்று விற்றது. உள்ளே இருந்தது பி.எம்.எம்.ஏ. என்ற வேறு பொருள். அது மெதுவாக ஏறும். ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டாவதை விழுங்குவான், பிறகு இரண்டும் சேர்ந்து உடம்பைக் கொதிக்க வைக்கும். இங்கே தொலைக்காட்சி வரைக்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதே குளிசை இங்கிலாந்துக்கும் போயிருந்தது. அங்கே அந்த நேரம் இப்படி ஒரு முறை இருக்கவில்லை. புத்தாண்டை ஒட்டி நான்கு பேர் செத்தார்கள்.

நியூசிலாந்து 2021-இல் இதைச் சட்டமாகவே நிரந்தரமாக்கிவிட்டது. போர்த்துக்கலும் 2001 முதல் சொந்தப் பாவனைக்கு, ஏறத்தாழ பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவனைச் சிறைக்கு அனுப்புவதில்லை. ஒரு குழுவின் முன்னால் போவான், தேவையென்றால் சிகிச்சை. வியாபாரி அங்கேயும் சிறைக்குத்தான் போகிறான். ஊசி போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று அங்கே பெருமளவு குறைந்தது.

கிண்ணியா வாசி

நல்லது, ஆனால் ஓரிகனைப் பற்றியும் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2020-இல் வாக்கெடுப்பு நடத்திச் சொந்தப் பாவனையைக் குற்றமில்லை என்று ஆக்கினார்கள். 2024 செப்டெம்பரில் திரும்பக் குற்றமாக்கிவிட்டார்கள்.

டென்ஹாக் தமிழன்

சரியாகத்தான் சொல்கிறீர்கள் நாநா. ஓரிகனில் தண்டனையை முதலில் எடுத்தார்கள், சிகிச்சை நிலையங்களுக்குரிய பணம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. அதே நேரத்தில் பென்ரனில் என்ற, ஹெரோயினைவிட வீரியமான போதைப்பொருள் வந்து இறங்கியது. தெருவில் ஆட்கள் கிடந்தார்கள், மக்கள் பொறுமை இழந்தார்கள். போர்த்துக்கலில் சிகிச்சையும் சட்டமும் கூடவே வந்தன. திருகோணமலையில் யார் கேட்டாலும் நான் சொல்வது, முதலில் கிளினிக்குகளைக் கூட்டுங்கள். சட்டத்தை அதற்கு ஏற்ற வேகத்தில் மாற்றலாம்.

வழக்குக்கட்டு

குளிசைப் பரிசோதனை பற்றிக் கடலோரக்காரனுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே ஒருவர் தந்த குளிசையை நீங்கள் கையில் வாங்கினாலே உங்கள் உடைமையில் போதைப்பொருள் என்று வழக்கு வரலாம். நல்ல நோக்கம் என்பது பிணை கேட்கும்போதுதான் உதவும். கூடாரத்துக்குள் எந்தப் பொருளையும் தொட வேண்டாம், வாங்கி வைக்க வேண்டாம். உங்கள் வளவுக்குள் விற்பனை நடப்பது தெரிந்தால் ஆளை வெளியே போடுங்கள்.

இரவுப்பணி

அதோடு, கடையில் நிறம் மாறுகிற சோதனைத் துளி வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்ன பொருள் இருக்கலாம் என்று மட்டும் காட்டும். எவ்வளவு இருக்கிறது, வேறென்ன கலந்திருக்கிறது என்று காட்டாது. ஆய்வுகூடப் பரிசோதனையும் அதுவும் ஒன்றல்ல.

ஐஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெரோயினுக்கு மெதடோன், புப்ரெனோர்பின் என்று மாற்று மருந்து உண்டு. இந்தியாவில் அரசே கொடுக்கிறது. ஐஸுக்கு அப்படி ஒரு மருந்து உலகத்தில் இன்னும் இல்லை. ஆலோசனை, சுத்தமாக இருந்தால் சிறு சிறு வெகுமதி கொடுத்து ஊக்கப்படுத்துகிற முறை, நித்திரை, சாப்பாடு, வேலை. பாலையூற்று அம்மாவின் மகனுக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான். ஆட்பலம் வேண்டும். ஒரு கிளினிக்கில் வரிசையைப் பார்த்தால் எங்களுக்கே மனம் சோர்ந்துவிடும்.

இறக்கக்கண்டி

எல்லாரும் குளிசையைக் கதைக்கிறீர்கள். நான் வலை இழுக்கிறவன். கரையில் நாங்கள் தூக்குகிற பிணம் குடித்துவிட்டு இரவில் கடலில் இறங்கினவனுடையது. கொழும்பு, கண்டிப் பொடியன்கள்தான் கூட. சீசனில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், இடுப்பளவுதான் என்று நினைத்துப் போவார்கள். வெறியில் திசை தெரியாது. கத்தினாலும் பாட்டுச் சத்தத்தில் கேட்காது.

போயாவுக்கு (பௌர்ணமிக்கு) முதல்நாள் பெட்டி பெட்டியாக வாங்கி வருவார்கள், கடை பூட்டு என்பதால். அன்றைக்குத்தான் மோசம்.

கூடாரம் போடுகிறவர் கரையில் கயிறு கட்டி, பெரிய லைட் போட்டு, நீந்தத் தெரிந்த இரண்டு பேரை விடியும்வரை வையுங்கள். குடிக்காத ஆட்கள். எங்கள் பக்கத்தில் கேட்டால் பொடியன்கள் வருவார்கள், ஒரு நாள் கூலி கொடுங்கள்.

கடலோரக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கூட்டாளிகளோடு நேற்று இருந்து கதைத்தேன்.

போயா வார இறுதியை விட்டுவிட்டோம், வேறு திகதி. அடையாள அட்டை பார்த்து 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சாராயம் இல்லை, சட்டமும் அதுதான். பொழுதுபட்ட பிறகு கடலில் இறங்கத் தடை. இறக்கக்கண்டி அண்ணை சொன்ன கயிறும் லைட்டும் ஆட்களும் போடுகிறோம், ஆட்களை நீங்களே தேடித் தாருங்கள். கூடாரம் போடுவது உறுதி. தங்கச்சி எழுதிய அறிகுறிகளைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய பலகையில் எழுதுகிறோம். போத்தல் தண்ணீருக்குக் காசு வாங்குவதில்லை.

ஒரு கூட்டாளி விலகிவிட்டார். பேர் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பொலிஸுக்கு என்ன சொல்வது என்பதுதான் இன்னும் தெளிவில்லை.

வழக்குக்கட்டு

ஒலிபெருக்கி அனுமதிக்கு எப்படியும் பொலிஸுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதே கடிதத்தில் முதலுதவி நிலையம் ஒன்று இருக்கும், அம்புலன்ஸ் வருகிற பாதை இது என்று எழுதுங்கள். கடிதத்தின் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச சபைக்கும் கொடுங்கள். முதலுதவி நிலையத்துக்கு உள்ளேயும் அம்புலன்ஸைச் சுற்றியும் சோதனை நடத்த வேண்டாம் என்று கேளுங்கள். எழுத்தில் உறுதி தர மாட்டார்கள். ஆனால் பொறுப்பதிகாரியை நேரில் சந்தித்துக் கேட்டால், உயிர் போனால் விசாரணை அவருக்கும் தலையிடி என்பதால் காது கொடுப்பார். நான் கூட வருகிறேன், காசு வேண்டாம்.

கூடாரத்தில் பெயர் எழுதிவைக்காதீர்கள். என்ன எடுத்தான், எத்தனை மணி என்பது மட்டும் துண்டில் எழுதி அம்புலன்ஸோடு போகட்டும்.

மூன்றாங்குறுக்கு

என் நிலைப்பாடு மாறவில்லை. பிரதேச சபைக்கு நானும் ஒரு கடிதம் எழுதுவேன், இசை இரவு வேண்டாம் என்றுதான் எழுதுவேன். நடந்தே தீரும் என்றால் ஒலியை நள்ளிரவோடு நிறுத்த வேண்டும் என்றும் எழுதுவேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கூடாரத்துக்கு எதிராக ஒரு வரியும் எழுத மாட்டேன்.

கடலோரக்காரன்

சேர், கூட்டத்துக்கு வாருங்கள். நள்ளிரவு என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

தங்கச்சி, கடைசியாக ஒன்று. 1990-க்கு அழைத்தால் எங்கே வரச் சொல்வது? கடற்கரைக்கு முகவரி இல்லையே.

இரவுப்பணி

அதை முதல்நாள் பகலிலேயே செய்துவிடுங்கள் அண்ணா. நிலாவெளி வீதியில் கிலோமீற்றர் கல், பக்கத்துக் கடை அல்லது கோயில், ஒழுங்கையின் பெயர் மூன்றையும் பலகையின் மேல்வரியில் எழுதுங்கள். அழைக்கிறவன் அதைப் பார்த்து வாசித்தால் போதும். ஒழுங்கை முகப்பில் டோர்ச்சோடு ஒருவர் நிற்க வேண்டும். ஓட்டோக்காரர் அங்கேதான் வரிசையாக விடுவார்கள், ஒரு வாகனம் போகிற அகலம் விடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். மணலில் அம்புலன்ஸ் புதையும். ஆகவே கூடாரம் கடல் பக்கம் வேண்டாம், தார் வீதி பக்கம் போடுங்கள். தூக்குபடுக்கை ஒன்று இரவல் எடுத்து வையுங்கள், கிடைக்காவிட்டால் இரண்டு மூங்கிலும் ஒரு படங்கும் போதும்.

அன்றைக்கு எனக்குப் பணி இல்லை. பின்னேரமே வந்து உங்கள் இரண்டு பேருக்கும் ஆளைப் பக்கமாகச் சரிப்பது எப்படி என்று காட்டித் தருகிறேன்.